லிஃப்ட் மெக்கானிக்கின் ஆழ்மனம்

உளப்பகுப்பாய்வு ஓர் அறிவியலா இல்லையா என்ற கேள்வி எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இடப் பற்றாக்குறையால் வந்தது. அறிவியல் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இடது பக்கம் நாலு அறைகள் உளப்பகுப்பாய்வுத் துறைக்கு. வலது பக்கம் நாலு அறைகள் உளவியல் அளவீட்டுத் துறைக்கு. வலது பக்கத்தாருக்குக் கேள்வித்தாள்களை அடுக்க இடம் போதவில்லை. இடது பக்கத்தில் ஓர் அறையில் ஒரே ஒரு சாய்வுக் கட்டில் மட்டும் காலை நீட்டிக்கொண்டு கிடப்பதை அவர்கள் வெகுநாளாகக் கவனித்து வந்தார்கள். அறிவியல் கட்டடத்தில் அறிவியல் மட்டும்தானே இருக்க வேண்டும், எதிரில் இருப்பது அறிவியல்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். இல்லை என்று முடிவானால் இடது பக்கத்தார் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டடத்துக்குப் போக வேண்டும். அங்கே வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்.

நான் பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சர். நிர்வாகக் கட்டடத்தில் இடம் போதாமல் எங்கள் அலுவலகமும் அதே அறிவியல் கட்டடத்தின் நாலாவது மாடியில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் யார் எதை யோசித்தாலும் அது என் விரல் வழியாகத்தான் வெளியே போகிறது. அவ்வளவு ஞானம் போயும் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை, வலிதான் மிச்சம். இங்கே சொல்லப்போவதில் முக்கால்வாசி நான் தட்டச்சு செய்தது. மீதிக் கால்வாசியில் நானும் மாட்டிக்கொண்டேன்.

மனு வந்த அதே வாரம் லிஃப்ட் மெக்கானிக் விவகாரமும் வந்தது. அறிவியல் கட்டடத்து லிஃப்டை மாதம் ஒரு முறை பார்த்து, "நல்ல நிலையில் உள்ளது" என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. படிவத்தில் வேறு எந்த நிலைக்கும் இடம் கிடையாது. பதினெட்டு வருஷமாகப் போட்டு வந்தவர் அந்த மாதம் போடவில்லை. அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, "பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது, லிஃப்டை நிறுத்தவும்" என்று எழுதி அனுப்பினார். லிஃப்ட் கதவில் "நாலு பேருக்கு மேல் ஏற வேண்டாம்" என்று தன் கைப்பட எழுதி ஒட்டினார். அதோடு விடாமல், அன்று முதல் தானும் லிஃப்டில் ஏறாமல் படியில் நடக்க ஆரம்பித்தார்.

படிவத்தைப் பார்த்த பொறியாளர் கோப்பை எடுத்துப் புரட்டினார். மூன்று மாதத்துக்கு முன்பே புது லைனிங் மாட்டியாகிவிட்டது என்று அதில் இருந்தது, அவரே போட்ட கையெழுத்தோடு. இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பொருளைக் கேட்கும் விண்ணப்பமும், அந்தப் பொருள் வந்து மாட்டப்பட்டுவிட்டது என்ற நிறைவுச் சான்றும் ஒரே கோப்பில் ஒன்றாகத்தான் போகும். ஒரு கோப்பு இரண்டு தடவை ஒன்பது மேசை ஏறி இறங்குவது வீண் என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த முறை. கையெழுத்தெல்லாம் ஒன்றாக முடிந்துவிடும். பொருள் சில சமயம் வரும். இந்த லைனிங் வரவில்லை. கோப்பில் வந்துவிட்டதால் மறுபடி கேட்கவும் வழியில்லை.

பொறியாளர் பொய் சொல்கிற ஆள் இல்லை. தான் கையெழுத்துப் போட்டதை முழுமனதாக நம்புகிற ஆள். மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பொறுமையாகவே பேசினார்.

"லைனிங் புதுசு. ஃபைல்ல இருக்கு பாரு."

"ஃபைல்ல புதுசா இருக்கலாம் சார். மேல மெஷின் ரூம்ல பழசுதான் இருக்கு. வந்து தொட்டுப் பாருங்க."

"நான் எதுக்குத் தொடணும்? கையெழுத்தே போட்டிருக்கேன்."

"நாலு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஒண்ணுதான் சார் இருக்கு. அஞ்சு பேர் பாரத்துல பிடிக்காது, வழுக்கிடும்."

பொறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டுக்குப் பயப்படுறான்னா கோளாறு லிஃப்ட்ல இருக்குமா, மெக்கானிக்கிட்ட இருக்குமா? நீயே யோசிச்சுப் பாரு."

மெக்கானிக் யோசித்துப் பார்த்து, லிஃப்டில் என்றார். இதைவிட நோய் முற்றியதற்கு என்ன அத்தாட்சி வேண்டும். மூன்று வாரத்துக்குள் ஐந்தாவது மாடியிலிருந்து மனநலத் தகுதிச் சான்று வாங்கி வர வேண்டும், இல்லையென்றால் மெக்கானிக் வேலை போய், உடைந்த நாற்காலிகள் கிடக்கும் கிடங்குக்குக் காவலாளியாக மாற்றப்படுவார் என்று உத்தரவாயிற்று. அந்த உத்தரவையும் நான்தான் தட்டச்சு செய்தேன். லிஃப்டை நிறுத்துவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மனநலம் சரியில்லாதவர் சொல்லி ஒரு லிஃப்டை நிறுத்த முடியுமா?

மெக்கானிக்கின் மனைவி அதே ஐந்தாவது மாடியைப் பெருக்கித் துடைப்பவர். அங்கே குழாயில் தண்ணீர் வந்து நாலு வருஷமாகிறது. கோப்பின்படி நாலு வருஷத்துக்கு முன்பே சரிசெய்தாயிற்று. அதனால் தினமும் கீழே இரண்டு வாளி பிடித்து லிஃப்டில் கொண்டுபோவார். கணவர் ஏறாதே என்று சொன்ன நாளிலிருந்து இவரும் படிதான். இரண்டு வாளியையும் மெக்கானிக் தூக்கிக்கொள்வார், அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவார். அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. நாலாவது மாடியில் என் அறை வாசலில் இருவரும் மூச்சு வாங்க நிற்பார்கள்.

"ஏங்க, நிஜமாவே தேஞ்சிருக்கா? இல்ல, அவங்க சொல்ற மாதிரி உங்களுக்குத்தான் ஏதாவதா?"

"என் மேலயே சந்தேகமா?"

"சந்தேகமெல்லாம் இல்ல. முட்டி கேக்கச் சொல்லுது, கேட்டேன்."

"இன்னிக்கு நாலு பேர் வரைக்கும் தாங்கும். கொஞ்ச நாள் போனா மூணு பேரு. அப்புறம் ஒரு நாள் நீயும் ரெண்டு வாளியும். அது எந்த நாளுன்னு எனக்குத் தெரியாது."

அந்த அம்மாள் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

எங்கள் பதிவாளர் குழப்பத்தைக் கண்டு அஞ்சாதவர். பெரிதாக்கிவிட்டால் அது கொள்கை ஆகிவிடும் என்று அனுபவத்தில் அறிந்தவர். இரண்டு கோப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குச் சொல்லி எழுத வைத்தார். "ஒண்ணுல அறிவியலான்னு தெரியலை. இன்னொண்ணுல பைத்தியமான்னு தெரியலை. ரெண்டையும் சேர்த்துக் கட்டினா ஒரு கோப்பு குறையும். நிர்வாகம்னா வேற என்ன?"

அளவீட்டுத் துறையின் தலைவியை மாணவர்கள் ஸ்கேல் அம்மா என்பார்கள். அவர் தன் மனுவில், தவறாகிப்போக வழியே இல்லாத கூற்று அறிவியல் கூற்று ஆகாது என்று எழுதியிருந்தார். உண்மையில் நல்ல வரி. தட்டச்சு செய்யும்போது நானே ஒரு கணம் நிறுத்திப் படித்தேன். எதிர்த் தரப்புத் தலைவருக்குக் கனவுப் பேராசிரியர் என்று பெயர். இந்த மனுவை எழுதத் தூண்டியது அறைகள் அல்ல, மனுதாரருக்குச் சிறுவயதில் உடன்பிறந்தவர் மேல் இருந்த பொறாமை என்று அவர் பதில் கொடுத்திருந்தார். ஸ்கேல் அம்மா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அதைச் சுட்டிக்காட்டியபோது, இல்லாத உடன்பிறப்பின் மேல் வரும் பொறாமைதான் மிக ஆழமானது என்று அடுத்த பதில் வந்தது.

ஆகவே பதிவாளர் ஒரு பரீட்சை வைத்தார். இரு துறையும் மெக்கானிக்கைப் பரிசோதிக்க வேண்டும். அவர் பயத்துக்குக் காரணம் என்ன, விசாரணை நாளன்று லிஃப்டில் ஏறுவாரா மாட்டாரா என்று முன்கூட்டியே எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். யார் சொன்னது நடக்கிறதோ அவர் அறிவியல்.

கனவுப் பேராசிரியரின் அமர்வுக் குறிப்புகள் எல்லாம் தட்டச்சுக்கு என்னிடம்தான் வந்தன. முதல் அமர்வு இப்படித் தொடங்கியது.

"படுங்க."

"சட்டையில எண்ணெய் இருக்கு சார்."

"முதல் வார்த்தையே எண்ணெய். நல்லது. மனசுல தோணுறதை அப்படியே சொல்லுங்க."

"பிரேக் லைனிங் தேஞ்சு போச்சு சார்."

இதன் பிறகு பதினோரு நிமிட மௌனம். "செறிவான மௌனம்" என்று பேராசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார். இரண்டு வாளியோடு ஐந்து மாடி ஏறிய களைப்பில் தூங்கிவிட்டேன் என்று மெக்கானிக் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"பிரேக். சின்ன வயசுல உங்களை யாரு தடுத்து நிறுத்தினது? அப்பாவா?"

"அப்பாவுக்குக் கப்பல்ல வேலை சார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு."

"அப்போ நிறுத்த ஆளே இல்லை. பிரேக் இல்லாத குழந்தைப் பருவம்."

"சார், பிரேக் லிஃப்ட்ல."

"லிஃப்ட்லன்னு அழுத்திச் சொல்றீங்க பாருங்க, அதுக்குப் பேருதான் எதிர்ப்பு."

"சரி சார், லிஃப்ட்ல இல்ல."

"இப்ப ஒத்துக்கிட்டீங்க."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் இல்லை, தொழில் முறையில் ஒரு சந்தேகம்தான். "நான் ஆமான்னாலும் நீங்க சொல்றது சரி, இல்லைன்னாலும் சரிங்களா சார்?"

"அதுதான் எங்க துறையோட பலம்."

"எங்க வேலையில ஒரு மீட்டர் இருக்கும் சார். கரண்ட் இருந்தா முள்ளு நகரும், இல்லைன்னா நகராது. எது வச்சாலும் முள்ளு ஒரே இடத்துல நின்னா, அதைத் தூக்கிப் போட்டுடுவோம்."

அன்றைய குறிப்பின் கடைசி வரி: நோயாளி பகுப்பாய்வாளரைத் தூக்கி எறிய விரும்புகிறார். தந்தை.

வெளியே துடைத்துக்கொண்டிருந்த மனைவி, உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டதற்கு மெக்கானிக் நியாயமாகவே பதில் சொன்னார். "நல்ல மனுஷன். ஒரு மணி நேரம் படுக்க விடுறாரு. இந்தக் கட்டடத்துல வேற யாரும் என்னை உக்காரக்கூடச் சொன்னதில்ல." அந்த அம்மாள் திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

வலது பக்கத்தில் படுக்கை கிடையாது. ஸ்கேல் அம்மா ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்து, விரலில் ஒரு கம்பியை மாட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். "லிஃப்டைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்." பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு கோணத்தில் மெக்கானிக் லிஃப்டைப் பார்த்ததே இல்லை. அரை மணி நேரம் முழித்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"மேடம், 'பிரேக் பழசு'ன்னு எங்க டிக் போடணும்?"

"அப்படி ஒரு கேள்வி இல்லை. இது நாலாயிரம் பேர்கிட்ட சோதிச்சு உறுதிப்படுத்தின தாள்."

"அதுல லிஃப்ட் மெக்கானிக் எத்தனை பேருங்க?"

"எல்லாருமே எங்க முதலாமாண்டு மாணவர்கள். மதிப்பெண் உண்டுன்னு சொன்னா அவங்க மட்டும்தான் வருவாங்க."

கடைசிக் கேள்விக்குக் கீழே மட்டும் காலி இடம் இருந்தது. வேறு ஏதேனும் கூற விரும்பினால், இரண்டு வரிகளுக்கு மிகாமல். மெக்கானிக்கின் முகம் தெளிந்தது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு பொறுமையாக இரண்டு வரி எழுதினார். ஸ்கேல் அம்மா தாளை வாங்கி, அந்த வரிகளைப் பார்க்காமலே பக்கத்தில் தொண்ணூற்றொன்பது என்று போட்டார்.

"அது என்னங்க?"

"எண்ணா மாத்த முடியாததுக்கெல்லாம் தொண்ணூத்தொன்பது. அதை நாங்க படிக்கிறதில்லை."

"அப்புறம் எதுக்குங்க கேக்குறீங்க?"

"கேக்காம விட்டா மனசு நோகும்னு ஆய்வுல வந்திருக்கு."

மெக்கானிக்கின் லிஃப்ட் பய மதிப்பெண் நாற்பத்தேழு. நாற்பதுக்கு மேல் போனால் நோய். நாற்பது என்று யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குத் தட்டச்சுக்கு வந்திருக்காது.

விசாரணை நாள் வந்தது. ஐந்தாவது மாடி வராந்தாவில் லிஃப்ட் வாசலில் எல்லாரும் கூடினோம். பதிவாளர், பொறியாளர், கனவுப் பேராசிரியர், ஸ்கேல் அம்மா, குறிப்பெடுக்க நான். பதிவாளர் கையில் அரக்கு வைத்த இரண்டு உறைகள். ஏற்பாடு இதுதான்: நாங்கள் முதலில் லிஃப்டில் நாலாவது மாடிக்கு இறங்கி வாசலில் காத்திருப்போம், லிஃப்ட் திரும்ப மேலே வரும், மெக்கானிக் ஏறி வருகிறாரா இல்லையா என்று பார்ப்போம். ஒரே ஒரு மாடி. ஸ்கேல் அம்மா கையில் நிறுத்துக் கடிகாரம் இருந்தது.

மெக்கானிக் லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். தான் ஒட்டிய காகிதத்தைக் காட்டினார்.

"சார், அஞ்சு பேரு வேணாம். நாலு பேர் போங்க. யாராவது ஒருத்தர் நடந்து வாங்க, ஒரு மாடிதானே."

யார் நடப்பது என்பதில் ஒரு தத்துவச் சிக்கல் எழுந்தது. கனவுப் பேராசிரியர் நடந்தால் உளப்பகுப்பாய்வு வெளியேற்றப்பட்டதாக ஆகும். ஸ்கேல் அம்மா நடந்தால் தொண்ணூற்றொன்பது என்று ஒதுக்கிய பேச்சுக்கு மதிப்பு கொடுத்ததாக ஆகும். பொறியாளர் நடந்தால் அவர் கையெழுத்தே அவரை நம்பவில்லை என்று ஆகும். பதிவாளர் நடப்பது என்பது விதிகளில் இல்லை. நான் நடக்கிறேன் என்று ஆசையோடு முன்வந்தேன். குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்று பதிவாளர் என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடும்போது மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அது எனக்கு மட்டும் என்று இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

லிஃப்ட் இறங்கியது. நாலாவது மாடி விளக்கு எரிந்தது. லிஃப்ட் நின்றது. பொறியாளர், "பார்த்தீங்களா" என்று சொல்ல வாயெடுத்தார். "பார்" வரைக்கும் வந்தபோது தரை எங்கள் காலடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. பெரிய சத்தத்தோடு எங்கோ எதையோ எதுவோ கவ்விப் பிடித்தது. ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நின்றோம். பயந்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை, பதிவாளரின் கையை அப்போது நான்தான் பிடித்திருந்தேன், அவரும் என்னுடையதை விடவில்லை.

மேலேயிருந்து மெக்கானிக்கின் குரல் கேட்டது. "பயப்படாதீங்க. நாலுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கிறீங்க. பாதுகாப்புப் பிடி பிடிச்சிருக்கு, போன மாசம்தான் சுத்தம் பண்ணி வச்சேன். கீழ போகாது. நான் மெஷின் ரூமுக்குப் போய்க் கையால சுத்தி மேல ஏத்துறேன். யாரும் ஆடாதீங்க."

அவர் காலடிச் சத்தம் படியில் ஓடி மறைந்தது. பின்னாலேயே இன்னொரு காலடி, மெதுவாக, ஒவ்வொரு படியாக ஏறியது.

பயத்தில் இருக்கும் அதிகாரி ஏதாவது ஓர் உறையைப் பிரித்தால் தெளிவார். பதிவாளர் முதல் உறையின் அரக்கை உடைத்தார். கனவுப் பேராசிரியர் எழுதியிருந்தது: "அவர் லிஃப்டில் ஏறினால் அடக்கி வைத்தது வெளிவந்துவிட்டது என்று பொருள். ஏறாவிட்டால் எதிர்ப்பு இன்னும் வலுவாக உள்ளது என்று பொருள். இரண்டில் எது நடந்தாலும் எங்கள் கணிப்பு உறுதியாகிறது."

"இதுல தப்பாகிப் போக வழியே இல்லையே" என்றார் பதிவாளர்.

"நன்றி" என்றார் பேராசிரியர்.

ஸ்கேல் அம்மாவின் உறையில் பதினாறு பக்கம் இருந்தது. மெக்கானிக் லிஃப்டில் ஏற மறுப்பதற்கான வாய்ப்பு அறுபத்திரண்டு சதவீதம், அது பன்னிரண்டிலிருந்து தொண்ணூற்றெட்டு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆயினும் ஒரே ஒரு நபரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால் இதைக் கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிந்தது. பின்னிணைப்பாக மெக்கானிக்கின் கேள்வித்தாள். பதிவாளர் அதைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் கண்ணை நிறுத்தி, பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"'அஞ்சு பேர் ஏறி நாலாவது மாடியில் நிறுத்தினால் பிரேக் பிடிக்காது. நாலுக்கும் மூணுக்கும் நடுவில் மாட்டும்.'"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"முன்கூட்டியே சொல்லியிருக்காரு. பொய்யாகிப் போகவும் வழி இருந்திருக்கு. நடந்தும் போச்சு" என்றார் பதிவாளர். "அப்போ அறிவியல் யாரு?"

"நிக்கணும்னு அவர் ஆழ்மனசு ஆசைப்பட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார் பேராசிரியர்.

"ஒரு தடவை நடந்ததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் ஸ்கேல் அம்மா. "முப்பது தடவையாவது நிக்கணும். ஒப்பிட்டுப் பார்க்க, நிக்காத லிஃப்ட் முப்பது வேணும்."

பொறியாளர் மட்டும் சுவரைப் பார்த்தபடி, "லைனிங் புதுசு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது லிஃப்ட் ஒரு விரல் அளவு மேலே நகர்ந்தது. கொஞ்சம் நின்று, இன்னொரு விரல். அப்படியே விரல் விரலாக இருபது நிமிடம். கதவு திறந்தபோது நாலாவது மாடியில் இருந்தோம். சற்று நேரத்தில் மேலிருந்து இருவரும் இறங்கி வந்தார்கள். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்ற, பிரேக் நெம்புகோலை இழுத்துப் பிடித்திருந்தது அவர் மனைவி. இரண்டு கையிலும் கிரீஸ். எங்கள் ஐந்து பேர் முகத்தையும் பார்த்து அந்த அம்மாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"படி அந்தப் பக்கம் இருக்கு சார்."

மறுநாள் பொறியாளர் அறிக்கை கொடுத்தார். கோப்பின்படி லைனிங் புதியது, ஆகையால் லிஃப்ட் நின்றிருக்க முடியாது, நான் உட்பட ஐவருக்கும் ஒரே சமயத்தில் லிஃப்ட் நின்றது போன்ற உணர்வு ஏற்பட்டது, ஐவரும் மனநலப் பரிசோதனைக்கு ஐந்தாவது மாடி செல்லப் பரிந்துரைக்கிறேன். மனிதர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. அந்த நேர்மையை என்னால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஐவரும் படியில்தான் போனோம்.

நாலு நாள் போயிற்று. பதிவாளர் கனமான உடம்புக்காரர். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்று, வாளிகளோடு வந்த மெக்கானிக்கிடம் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"லைனிங் வாங்க வழியே இல்லையாப்பா?"

"நிறைவுச் சான்றை ரத்து பண்ணினா வாங்கலாம் சார்."

"ஒன்பது பேர் கையெழுத்து. அதுல ஒருத்தர் செத்தே போயிட்டாரு. செத்தவர்கிட்ட எப்படி வாபஸ் வாங்குறது?"

வழியைக் கண்டுபிடித்தவர் பின்னால் மூச்சிரைத்து வந்துகொண்டிருந்த கனவுப் பேராசிரியர். நோயாளிக்கு ஒரு பொருளின் மேல் தீராத ஏக்கம். அந்தப் பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் குணமாகிவிடும். ஆகவே, சிகிச்சைப் பொருள் என்ற தலைப்பில் ஒரு ஜோடி பிரேக் லைனிங் வாங்கலாம். புதுத் தலைப்பு, புதுக் கோப்பு, பழைய கையெழுத்து எதையும் தொட வேண்டியதில்லை. பதிவாளர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், நிம்மதியில்.

ஒரே ஒரு சிக்கல். சிகிச்சை என்றால் நோய் இருக்க வேண்டும். "என் பயத்துக்குக் காரணம் லிஃப்ட் அல்ல, என் மனம்தான்" என்று மெக்கானிக் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது பணிப் பதிவேட்டில் ஏறும், அவர் ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருக்கும். தாளை நான்தான் தட்டச்சு செய்து நீட்டினேன். நீட்டிய கை எனக்குக் கூசியது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் உண்மையை மட்டும் எழுதிய ஒரே மனிதர் அவர்தான், அதற்கான பரிசு இந்தத் தாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். வராந்தாவின் கோடியில் அவர் மனைவி படியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல போட்டா லைனிங் வந்துடுமா சார்?"

"நிச்சயமா வரும்" என்றார் பதிவாளர். "கையெழுத்தும் நிறைவுச் சான்றும் ஒண்ணாவே முடிச்சிடலாம்."

"வேணாம் சார். முதல்ல லைனிங் என் கையில வரட்டும். அதுக்கப்புறம் நான் எவ்வளவு பைத்தியம்னு நீங்களே எழுதிக்குங்க, போட்டுத் தரேன்."

எங்கள் பல்கலைக்கழக வரலாற்றில் கையெழுத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த முதல் பொருள் அந்த லைனிங்தான். மெக்கானிக் அதை மாட்டினார், எட்டு பேர் எடைக்கு மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தார், கீழே வந்து கையைத் துடைத்துக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை மனைவியும் கணவரும் லிஃப்டுக்காக நின்றபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"பைத்தியம்னு எழுதிட்டாங்களா?"

"குணமாயிடுச்சுன்னும் எழுதியிருக்காங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் மனது கனமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று பேரும் லிஃப்டில்தான் இறங்கினோம்.

லிஃப்ட் பயம் பத்தே அமர்வில் குணமானது என்று கனவுப் பேராசிரியர் கட்டுரை எழுதினார். மெக்கானிக்கின் மதிப்பெண் நாற்பத்தேழிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டதை ஸ்கேல் அம்மா மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை நடந்தால் போதாது, திரும்பத் திரும்ப நடந்தால்தான் அறிவியல் என்றார். அவர் கவலை இரண்டு மாதத்தில் தீர்ந்தது. மெக்கானிக் தானாகவே ஐந்தாவது மாடிக்கு வந்து, யாரும் சொல்லாமலே கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"சார், எனக்கு மறுபடி வந்துடுச்சு."

"எங்க?"

"நிர்வாகக் கட்டடத்து லிஃப்ட்ல. கம்பிக் கயிறு."

"எத்தனை மீட்டர் ஏக்கம்?" என்று பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"எழுபது மீட்டர் சார். பதிமூணு மில்லி தடிமன்."

கயிறு வந்தது, மெக்கானிக் குணமானார். அடுத்து நூலகத்து லிஃப்டின் கதவுப் பூட்டு, மறுபடி குணம். மூன்று முறை நோய், மூன்று முறை ஒரே சிகிச்சை, மூன்று முறை ஒரே பலன். அளவீட்டுத் துறையில் எந்த ஆய்வும் இதுவரை இரண்டாம் தடவை அதே விடையைக் கொடுத்ததில்லை என்பதால் ஸ்கேல் அம்மாவால் வாய் திறக்க முடியவில்லை. உளப்பகுப்பாய்வு ஓர் அறிவியலே என்று விசாரணைக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவன் நான், ஒரு பிழை இல்லை.

அதை ஐந்தாவது மாடியில் கொடுக்கப் போனபோது இடது பக்கத்து அறை திறந்திருந்தது. பேராசிரியர் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே உள்ளே வந்த மெக்கானிக்கின் மனைவி, வாளியை ஓரமாக வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு முட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, நிதானமாகப் படுத்தார்.

"சார், கொஞ்ச நாளா எனக்கும் மனசு சரியில்ல."

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த தாளை நகர்த்திவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"எதை நினைச்சும்மா?"

"இந்த மாடிக் குழாயை நினைச்சு" என்றார் அந்த அம்மாள், கண்ணை மூடிக்கொண்டு. "முக்கால் அங்குலம் சார்."